‘நிறுவுக’ என்று கேட்கப்படும் பிள்ளைகளுக்கு

முரசுமோட்டையிலும், பரந்தன் தொடங்கித் தருமபுரம், விசுவமடு வரை முல்லைத்தீவு வீதியோர ஊர்களிலும் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு,



கணிதப் பிரிவில் இணைந்த கணிதம் படிப்பவர்களுக்கும், கலைப் பிரிவில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிப்பவர்களுக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். ஒரே ஊரில், ஒரே பள்ளிக்கூடத்தில், சில வீடுகளில் அண்ணனும் தங்கையுமாகவே இருந்துகொண்டு, இந்த இரண்டு கூட்டமும் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கதைப்பதில்லை. அளவையியல் பாடமாக்கி எழுதும் பாடம் என்பது கணிதப் பிள்ளைகளின் எண்ணம். கணக்கு ஓடாதபடியால்தான் இங்கே வந்தோம் என்பது அளவையியல் பிள்ளைகள் தங்களைப் பற்றியே வைத்திருக்கும் எண்ணம். இரண்டும் பிழை. நீங்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் படிக்கிறீர்கள்: எதை ஏற்றுக்கொண்டு தொடங்கினோம், அதிலிருந்து எது கட்டாயம் வந்தே தீரும்?

சாதாரண தரத்துக் கேத்திரகணித வினாவை நினைத்துப் பாருங்கள். தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல் என்று நாலு தலைப்பும் அடிக்கோடிட்டு எழுதியிருப்பீர்கள். வலப்பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் (ப.கோ.ப.) என்றோ (ஒன்றுவிட்ட கோணங்கள்) என்றோ காரணம் போட்டிருப்பீர்கள். அந்தக் காரணத்தையும் தேற்றத்தோடு சேர்த்தே மனனம் செய்தவர்கள் உங்களில் கனபேர். முக்கோணியைத் தலைகீழாக வரைந்து, எழுத்துக்களை மாற்றித் தந்தால் கை நின்றுவிடும். “இந்த வரி எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டால், “அப்படித்தான் சேர் போடச் சொன்னவை” என்ற பதில் வரும். அதற்கு மேலும் ஒரு கேள்வி கேட்டால், “உது சோதினைக்கு வருமோ சேர்?”

சோதினைக்கு வராது. ஆனால் கணித அளவையியல் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அதை வயலில் வைத்தே காட்டுகிறேன்.

நாலு வரம்பையும் அளந்து, எதிரெதிர் வரம்புகளைக் கூட்டிப் பாதியாக்கி, அந்த இரண்டு பாதிகளையும் பெருக்கி வயலின் பரப்பளவு சொல்லும் முறை ஒன்று உண்டு. இப்படிக் கணக்குப் பார்க்கும் பெரியவர்களை நீங்களும் கண்டிருக்கலாம். மிகப் பழைய முறை இது. எகிப்தில் எட்பூ கோயிற் கல்வெட்டிலே நிலக்கொடைக் கணக்குகள் இப்படித்தான் போடப்பட்டிருக்கின்றன. வயல் செவ்வகமாக இருந்தால் விடை அச்சொட்டாகச் சரி. கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆகவே தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள்.

நாலு வரம்பும் 50 மீற்றர் என்று வையுங்கள். முறைப்படி 2500 சதுர மீற்றர். ஆனால் வாய்க்கால் வளையும் இடத்தில் வரம்பு சாய்ந்து, ஒரு மூலை 60 பாகையாகக் கிடந்தால், உண்மையான பரப்பளவு ஏறத்தாழ 2165 சதுர மீற்றர்தான். 13 பேர்ச்சுக்கும் கூடுதலான நிலம் கடதாசியில் இருக்கிறது, தரையில் இல்லை. மூலை 30 பாகையானால் உண்மை 1250. சரிபாதி.

அப்படியானால் இந்த முறை எப்போதும் கூட்டித்தான் சொல்லுமா, அல்லது சில வயல்களுக்குக் குறைத்தும் சொல்லுமா? கிளிநொச்சி மாவட்டத்து வயல் முழுவதையும் அளந்து பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. அளக்காத வயல் ஒன்று எங்கேயாவது இருக்கும். விடை வேண்டுமானால் ஒரு பென்சிலும் ஐந்து நிமிடமும் போதும்.

வயலுக்கு ஒரு மூலைவிட்டம் போடுங்கள். வடக்கு வரம்பும் கிழக்கு வரம்பும் ஒரு முக்கோணியில் வரும், தெற்கும் மேற்கும் மற்றதில் வரும். முதல் முக்கோணியில் வடக்கு வரம்பை அடியாக எடுத்தால், அதன் உயரம் கிழக்கு வரம்பை விட ஒருபோதும் நீளாது. ஒரு புள்ளியிலிருந்து ஒரு கோட்டுக்குப் போடக்கூடிய கோடுகளில் செங்குத்தே மிகக் குட்டையானது அல்லவா? ஆகவே அந்த முக்கோணியின் பரப்பளவை இரண்டால் பெருக்கினால், அது வடக்கு, கிழக்கு வரம்புகளின் பெருக்கத்தை மிஞ்சாது. மற்ற முக்கோணிக்கும் இதே கதை. இரண்டையும் சேர்த்தால், வயலின் பரப்பளவின் இரண்டு மடங்கு ‘வடக்கு × கிழக்கு + தெற்கு × மேற்கு’ என்பதை மிஞ்சாது. இப்போது மற்ற மூலைவிட்டத்தைப் போடுங்கள். அதே இரண்டு மடங்கு ‘கிழக்கு × தெற்கு + மேற்கு × வடக்கு’ என்பதையும் மிஞ்சாது. இரண்டு வரிகளையும் கூட்டிக் காரணிப்படுத்துங்கள். பரப்பளவின் நாலு மடங்கு, ‘வடக்கும் தெற்கும் கூட்டியது × கிழக்கும் மேற்கும் கூட்டியது’ என்பதை மிஞ்சாது. நாலால் வகுத்தால் வலப்பக்கத்தில் நிற்பது அந்தப் பழைய முறை தரும் விடை. அது உண்மையை விட ஒருபோதும் குறையாது. நாலு மூலையும் செங்கோணமாக இருந்தால் மட்டுமே சரிசமன்.

நாம் பார்க்காத வயலுக்கும், இனி வெட்டப்போகும் வயலுக்கும் இது பொருந்தும். அதே நேரம், பொருந்தாத இடத்தையும் இந்த நிறுவலே காட்டிக்கொடுக்கிறது. வயலின் ஒரு மூலை உள்நோக்கி மடிந்திருந்தால் ஒரு மூலைவிட்டம் வெளியே போய்விடும். அப்போது “இப்போது மற்ற மூலைவிட்டத்தைப் போடுங்கள்” என்ற வரி உடையும், அந்த வயலுக்கு வேறு நிறுவல் வேண்டும். மனனம் செய்தவருக்கு இந்த எல்லை தெரியவே தெரியாது.

எல்லை தெரியாமல் போவதால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்துக் கணித வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. பிரமகுப்தர் 628 இல் எழுதிய நூலில் இந்தச் சராசரி முறையைப் பருமட்டானது என்று சொல்லிவிட்டு, நாலு பக்கங்களை மட்டும் கொண்ட நுட்பமான சூத்திரம் ஒன்றைத் தந்தார். அழகான சூத்திரம். ஆனால் நாலு மூலையும் ஒரே வட்டத்தில் கிடக்கும் வட்ட நாற்பக்கலுக்கு மட்டும்தான் அது சரி. அந்த நிபந்தனை அவருடைய செய்யுளில் எழுத்தாக வரவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லா நாற்பக்கலுக்கும் அதைப் போட்டார்கள். 1150 இல் லீலாவதி எழுதிய பாஸ்கரருக்கு இதில் வந்த கோபம் வாசிக்க வேண்டியது: செங்குத்தோ மூலைவிட்டமோ சொல்லாமல் நாற்பக்கலின் பரப்பளவைக் கேட்பவனைப் பிசாசு என்கிறார், அதற்கு விடை சொல்பவனை அவனிலும் கீழாக வைக்கிறார். நாலு பக்கங்களின் நீளம் மட்டும் பரப்பளவைத் தீர்மானிக்காது என்பதை மேலே 50 மீற்றர் வயலிலேயே பார்த்தோம். பிறகு 16ஆம் நூற்றாண்டில், கேரளத்து ஜ்யேஷ்டதேவர் மலையாளத்திலே எழுதிய யுக்திபாஷாவில், அந்த வட்ட நாற்பக்கல் சூத்திரம் நிறுவலோடு நிற்கிறது. சூத்திரம் நம்மிடம் இருந்தது, நிறுவும் மரபும் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது மட்டும் பெரும்பாலும் சூத்திரம்தான். எனக்கு இது பெரிய மனக்குறை.

இனி மேலே நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருவோம். செங்குத்தே மிகக் குட்டை என்றேன். ஏன்?

செங்கோண முக்கோணியில் செம்பக்கமே மிக நீளமானது என்பதால். அது ஏன்? பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் கிடக்கும் என்பதால். அது ஏன்? முக்கோணியின் புறக்கோணம் அகத்தெதிர்க் கோணம் ஒவ்வொன்றையும் விடப் பெரியது என்பதால். அது ஏன்? ஒரு பக்கத்தின் நடுப்புள்ளிக்கு இடையம் வரைந்து, அதே அளவு நீட்டி, இரண்டு முக்கோணிகள் ஒருங்கிசைகின்றன என்று காட்டலாம் என்பதால். எந்த நிபந்தனையில் ஒருங்கிசைகின்றன? ப.கோ.ப. அந்தப் ‘பக்கம், கோணம், பக்கம்’ எங்கேயிருந்து வந்தது?

இயூக்கிளிட் இதற்குச் சொன்ன காரணம், ஒரு முக்கோணியைத் தூக்கி மற்றதன் மேல் வைத்தால் பொருந்தும் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உருவங்களைத் தூக்கி நகர்த்தலாம், நகர்த்தும்போது அவை நெளியாது என்று அவர் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்ட பட்டியலில் எங்கும் இல்லை. இருபது நூற்றாண்டுக்கு மேலாகப் படித்தவர்கள் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சிலர் சந்தேகப்பட்டார்கள். 1899 இல் டேவிட் ஹில்பேட் கேத்திரகணிதத்தின் அடித்தளத்தைத் திருப்பி எழுதியபோது, ப.கோ.ப.வின் சாரத்தையே ஒரு வெளிப்படை உண்மையாகத் தொடக்கப் பட்டியலில் வைத்துவிட்டார். உங்கள் கொப்பியின் வலப்பக்கத்தில் சாதாரணமாக எழுதுகிற அந்த மூன்று எழுத்தின் கீழே தோண்டினால் இனி வேறு எதுவும் இல்லை, தரை வந்துவிட்டது.

‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போனால் மூன்று முடிவுகள்தான் உண்டு. ஒன்று, கேள்வி முடிவில்லாமல் போகும். அல்லது சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கும். இந்த இரண்டையும் நம் தர்க்க நூல்கள் அனவத்தை, சக்கரகம் என்று குற்றங்களாகவே பெயர் வைத்து ஒதுக்கின. மூன்றாவது வழி, சிலவற்றை நிறுவாமல் ஏற்றுக்கொள்வது. அந்தச் சில கூற்றுக்கள்தான் 9ஆம் தரத்தில் நீங்கள் படித்த வெளிப்படை உண்மைகள். சமனானவற்றுடன் சமனானவற்றைக் கூட்டினால் கூட்டுத்தொகைகளும் சமன் என்ற அந்தப் பாடம் உங்களுக்கு அப்போது சப்பென்று இருந்திருக்கும். இவ்வளவு தெரிந்த விடயத்தை ஏன் எழுதுகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். ஒளித்து வைக்காமல் எழுதுவதற்குத்தான் எழுதுகிறார்கள்.

வெளிப்படை உண்மை என்றால் யாரும் சந்தேகிக்க முடியாத உண்மை என்று நெடுங்காலம் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தது சமாந்தரக் கோடு. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளியினூடாக அதற்குச் சமாந்தரமாக ஒரே ஒரு கோடுதான் போகும் என்ற எடுகோளை மற்றவற்றிலிருந்து நிறுவிவிடலாம் என்று எத்தனையோ பேர் முயன்றார்கள். 1829 இல் ரஷ்யாவின் லொபச்செவ்ஸ்கியும் 1832 இல் ஹங்கேரியின் பொல்யாயும், தனித்தனியே, அந்த எடுகோளை மறுத்து ஒன்றுக்கு மேற்பட்ட சமாந்தரக் கோடுகள் போகலாம் என்று தொடங்கி, முரண்பாடே வராத இன்னொரு கேத்திரகணிதத்தை வெளியிட்டார்கள். அதில் முக்கோணியின் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையை விடக் குறைவு. பூமிக்கோளத்தின் மேற்பரப்பில் அது கூடும்: மத்திய கோட்டிலிருந்து வடமுனைக்கு இரண்டு நெடுங்கோடுகளைப் போடுங்கள், அடியிலேயே இரண்டு செங்கோணம் வந்துவிடும், முனையில் உள்ள கோணம் மிச்சம்.

அப்படியானால் 180 பாகை பொய்யா? இல்லை. இரணைமடுவில் சிறுபோகத்துக்கு முன்னால் கூட்டம் கூடிக் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து, இத்தனை ஏக்கர், இந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது என்று முடிவெடுப்பார்கள். அதன்பின் துருசடியில் நின்று புதிதாக ஒரு விதி சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. முரண்பாடு வந்தால் கூட்டத்தில் எழுதிய முடிவுக்குத்தான் திரும்பிப் போகவேண்டும். அடுத்த வருடம் வேறு முடிவு எடுக்கலாம், அதனால் இந்த வருட முடிவு பொய்யாகிவிடாது. எடுகோள்களும் அப்படித்தான். எவற்றில் தொடங்கினோம் என்று எல்லோர் முன்னிலும் எழுதியபிறகு, அந்த 180 பாகை அவற்றிலிருந்து தப்பாமல் வருகிறது. கணிதம் தருகிற உறுதி அந்தத் ‘தப்பாமல் வருகிறது’ என்பதில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் அளவையியல் பிள்ளைகள் முன்னுக்கு வரவேண்டும். வெளிப்படை உண்மைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அடியும் நகர முடியாது. ‘அ எனின் ஆ’ என்பதும் ‘அ’ என்பதும் கையில் இருந்தால் ‘ஆ’ என்று எழுதலாம் என்ற அனுமதி வேண்டும். அதை நீங்கள் பெறுகையில் நாள்தோறும் பயன்படுத்துகிறீர்கள். 1895 இல் லூயிஸ் கரோல் ஒரு சிறு உரையாடல் எழுதினார். அதில் ஆமை, அக்கிலீசிடம், “இரண்டு எடுகூற்றுக்களையும் ஏற்கிறேன், முடிவை மட்டும் ஏன் ஏற்கவேண்டும்?” என்ற தொனியில் அடம்பிடிக்கிறது. அக்கிலீஸ் அந்த அனுமதியையும் ஓர் எடுகூற்றாக எழுதிக் கொடுக்கிறான். ஆமை அதையும் ஏற்றுக்கொண்டு, அப்படியானாலும் ஏன் என்று திரும்பக் கேட்கிறது. எழுத எழுதப் பட்டியல் நீள்கிறது, முடிவு வரவில்லை. ஏற்றுக்கொண்ட கூற்று வேறு, கூற்றிலிருந்து கூற்றுக்குப் போகும் விதி வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டியவர் இல்லை. கணிதப் பிள்ளைகள் அந்த விதிகளைப் பெயர் தெரியாமலே பயன்படுத்துகிறார்கள். அளவையியல் பிள்ளைகளுக்குப் பெயர் தெரியும், பயன்படுத்த நல்ல தேற்றம் ஒன்று கையில் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில், வட்டுக்கோட்டைச் செமினரி மரபில் வந்த இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள் தமிழில் இரண்டு நூல்கள் எழுதினார்கள். கரோல் விசுவநாதபிள்ளை எழுதியது வீசகணிதம். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை எழுதியது நியாய இலக்கணம், அதாவது அளவையியல். ஒரே மரபில் வந்த, அருகருகே நின்ற இரண்டு புத்தகங்கள். ஏறத்தாழ அதே காலத்தில், 1847 இல், இங்கிலாந்தில் ஜோர்ஜ் பூலும் ஒகஸ்ரஸ் டி மோர்கனும் அந்த இரண்டு துறைக்கும் இடையிலிருந்த மதிலை இடித்தார்கள். கூற்றுக்களையும் வீசகணிதம் போல எழுதிச் சுருக்கலாம் என்று பூல் காட்டினார். டி மோர்கன் 1806 இல் மதுரையில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பனிப் படையில் அதிகாரி, மகனைக் கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தொடைகளில் நீங்கள் படிக்கும் டி மோர்கன் விதியும், உண்மை அட்டவணையில் சரிபார்க்கும் ‘உம்’, ‘அல்லது’ மறுப்பு விதியும் ஒன்றுதான். இரண்டு வகுப்பில் இரண்டு முறை படிப்பிக்கிறோம், ஒன்று என்று சொல்வதில்லை.

கணிதத் தொகுத்தறிவு என்ற பெயரை வழக்கில் நிலைக்கச் செய்ததிலும் டி மோர்கனுக்குப் பெரிய பங்கு உண்டு. இணைந்த கணிதம் முதலாம் வினாத்தாளின் முதல் வினா பெரும்பாலும் அதுதான், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவீர்கள். ஒன்றுக்கு உண்மை என்று காட்டுவது, ஏதோ ஒரு நிறைவெண்ணுக்கு உண்மை என்று கொண்டு அடுத்ததற்கும் உண்மை என்று காட்டுவது, பிறகு ‘ஆகவே எல்லா நேர் நிறைவெண்களுக்கும்’ என்று முடிப்பது. அந்தக் கடைசி வரியில் நின்று பாருங்கள். முடிவில்லாத எண்களுக்கு ஒரே வரியில் எப்படித் தாவினோம்? ஒன்றுக்கு உண்மை, ஆகவே இரண்டுக்கு, ஆகவே மூன்றுக்கு என்று எந்த எண் வரையும் நடக்கலாம். ‘எல்லாவற்றுக்கும்’ என்று சொல்ல அந்த நடை போதாது. 1889 இல் பியானோ எண்களுக்கு வெளிப்படை உண்மைகளை வகுத்தபோது, இந்தத் தாவலையே அவற்றுள் ஒன்றாக எழுதினார். நீங்கள் புள்ளிக்காக எழுதும் அந்த வரிதான் முழு எண்களின் அடித்தளக் கற்களில் ஒன்று. விஞ்ஞானமுறையில் ஆயிரம் காகம் கறுப்பு என்று கண்டபின்னும் அடுத்த காகத்தைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்று அளவையியல் பிள்ளைகள் படிக்கிறீர்கள். இங்கே அந்த ஐயத்துக்கு இடமில்லை, ஏனென்றால் தாவலுக்கான அனுமதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

“ராமானுஜன் நிறுவல் எழுதாமல் பெரியவர் ஆனவர்தானே?” என்று யாராவது கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வி. 1913 ஜனவரி 16ஆம் திகதி சென்னையிலிருந்து அவர் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் முழுக்க நிறுவலில்லாத முடிவுகள். அவற்றில் எத்தனையோ பின்னால் சரியென்று நிறுவப்பட்டன. ஆனால் ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை முதன்மை எண்கள் உண்டு என்பதில் அவர் மிக நெருக்கமான சூத்திரம் கண்டதாக நினைத்தது பிழை. அவர் நம்பியதை விடப் பிழையின் அளவு பெரியது என்று ஹார்டியே எழுதினார். உள்ளுணர்வு குறைந்ததால் வந்த வழு அல்ல இது. முதன்மை எண்கள் யாருடைய உள்ளுணர்வையும் ஏமாற்றும். அதே கணக்குக்கு மடக்கைத் தொகையீடு தரும் மதிப்பீடு, மனிதர் எண்ணிப் பார்த்த எல்லை வரை, எப்போதும் உண்மையான எண்ணிக்கையை விடக் கூடவே நிற்கிறது. கோடி கோடியாக எண்ணினாலும் அப்படியே. 1914 இல் லிற்றில்வூட், அது என்றும் அப்படி நிற்காது, முடிவில்லாத தடவை தலைகீழாக மாறும் என்று நிறுவினார். எண்ணிய கோடிகள் எல்லாம் ஒரு பக்கம், ஒரு நிறுவல் மறுபக்கம். நிறுவல்தான் வென்றது.

நம் ஊரில் சான்று கேட்பதன் வலி பலருக்குத் தெரியும். 2008 முடிவிலும் 2009 தொடக்கத்திலும் இந்த வீதியால் சனம் இடம்பெயர்ந்தபோது, காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுத் தாள் என்று வழியில் போனவை எத்தனையோ. தொலைந்த பத்திரத்தை நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தால் யாரும் ஏற்கமாட்டார்கள். முத்திரை வேண்டும், கையொப்பம் வேண்டும், சாட்சி வேண்டும். உங்கள் அக்காமார், அண்ணாமாரின் கேத்திரகணிதக் கொப்பிகளும் அந்த வழியிலேதான் போயின. அவற்றில் இருந்த நிறுவல்கள் போகவில்லை. அதே தொடக்கத்திலிருந்து யார் எழுதினாலும் அதே முடிவு திரும்ப வரும், அதற்கு எந்த அதிகாரியின் கையொப்பமும் தேவையில்லை. எங்கள் பிள்ளைகள் கையில் இப்படி ஒன்று இருக்கவேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோடெலைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அவருடைய பெயரை வைத்துப் பிழையாகக் கதைப்பவர்கள் பலர். 1930 செப்ரெம்பர் 7ஆம் திகதி, கோனிக்ஸ்பேர்க் நகரில், 24 வயதான குர்ட் கோடெல் தன் முடிவை முதன்முதல் வெளியில் சொன்னார். மறுநாள் அதே நகரில் ஹில்பேட், கணிதத்தில் அறியமுடியாதது என்று ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையோடு பேசினார். கோடெலின் தேற்றம் 1931 இல் அச்சேறியது. எண்கணிதத்தை உள்ளடக்கும் வலுவும், முரண்பாடில்லாத தன்மையும் உள்ள, வெளிப்படை உண்மை எது என்று விதிப்படி சரிபார்க்கக்கூடிய எந்தத் தொகுதியிலும், அதனால் நிறுவவும் முடியாத, மறுக்கவும் முடியாத கூற்று ஒன்று இருந்தே தீரும். இதைக் கேட்டுவிட்டு “அப்ப ஒண்டையும் நிறுவேலாது” என்று சொல்லித் திரியாதீர்கள். வயலுக்கு நாம் எழுதிய நிறுவலில் ஓர் எழுத்தும் இதனால் அழியவில்லை. கோடெல் சொன்னதும் ஒரு நிறுவல்தான், வரிக்கு வரி சரிபார்க்கக் கூடியது. நிறுவலின் எல்லையை நிறுவியே காட்டினார்.

வரிக்கு வரி என்றபடியால் ஒன்று. ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கத்தில் காரணம் எழுதும் உங்கள் பழக்கத்தை முற்றாகக் கடைப்பிடித்தால், பொருள் விளங்காத இயந்திரமும் அந்த நிறுவலைச் சரிபார்க்கலாம். எந்த நிலப்படத்துக்கும் நாலு நிறம் போதும் என்ற தேற்றத்தை 1976 இல் அப்பலும் ஹாக்கனும் கணினி உதவியோடு நிறுவியபோது பலர் நம்பத் தயங்கினார்கள். 2005 இல் ஜோர்ஜ் கோந்தியே அதை முழுவதும் அளவையியல் வரிகளாக எழுதி, நிறுவல் சரிபார்க்கும் மென்பொருள் ஒன்றில் கடக்கச் செய்தார். அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துக்கோ, வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ போக நினைப்பவர்களுக்கு, மென்பொருள் பிழையில்லாதது என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வி ஒருநாள் வரும். அதற்கான பதிலின் முதற்பாடம் அளவையியல் பிள்ளைகளின் கொப்பியில் இப்போதே இருக்கிறது.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். இந்தத் தவணையில் ஒரு சனிக்கிழமை ரியூசன் முடிந்தபிறகு இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருங்கள். முக்கோணியின் அகக்கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்ற தேற்றத்தை எடுங்கள். கணிதப் பிள்ளை வரியை எழுதட்டும். அளவையியல் பிள்ளை ஒவ்வொரு வரியின் வலப்பக்கத்தையும் பார்த்து, இது ஏற்றுக்கொண்டதா, தந்ததா, விதிப்படி வந்ததா என்று கேட்கட்டும். பதில் இல்லாத வரி வந்தால் கடந்து போகாதீர்கள், எங்களிடம் கொண்டுவாருங்கள். எங்களுக்கும் பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம். சமாந்தரக் கோட்டின் எடுகோள் எந்த வரியில் உள்ளே வந்தது என்று கண்டுபிடித்து, உங்கள் பெயரோடு எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
முரசுமோட்டையிலிருந்து ஒரு கணித ஆசிரியர்